ராஜஸ்தானில் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க, ஐந்து நாளில் எங்கெங்கே போகலாம்?

கேட்டவர் ஐந்து நாள் என்று கணக்குச் சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. என் பதில்: ஜோத்பூர் இரண்டு நாள், ஜெய்சல்மேர் மூன்று நாள். ஜெய்ப்பூரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலைவன மாநிலம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆரவல்லி மலைத்தொடர் அதைக் குறுக்கே வகுத்துக்கொண்டு போகிறது. தார்ப் பாலை அதற்கு மேற்கேதான். உதய்ப்பூர் ஏரிகளில் படகு விட்டுவிட்டு வந்து பாலைவனம் பார்த்தேன் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் ராமநாதபுரத்துக்காரன், ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அதனாலோ என்னவோ, எந்த ராஜா எந்தப் போர் என்பதைவிட, இவர்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றுதான் போன இடத்திலெல்லாம் கேட்கத் தோன்றியது. கைடுகள் முதலில் அலுத்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்கு ராவ் ஜோதா 1459-இல் அடிக்கல் நாட்டினார். அந்தப் பாறையில் முன்பே குடியிருந்த துறவியைக் கிளப்பிவிட, அவர் 'உன் கோட்டையில் தண்ணீர் தங்காது' என்று சபித்துவிட்டுப் போனாராம். சாபம் பலிக்காமலிருக்க ராஜாராம் மேக்வால் என்பவர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. பீரங்கி பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். மேலிருந்து நீல வீடுகளைப் படம் எடுத்து முடித்ததும் கோட்டையின் காலடியில் இருக்கும் ராணிசர், பத்மசர் என்ற இரண்டு குளங்களையும் ஒருமுறை பாருங்கள். சாபத்துக்கு அவர்கள் சொன்ன நிஜமான பதில் அதுதான்.

ஊருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறு இருக்கிறது. 1740-களில் மகாராஜா அபய் சிங்கின் ராணி கட்டியது. பல காலம் குப்பைமேடாகக் கிடந்ததைத் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள். சாயங்காலம் போனால் பையன்கள் மேல்படியிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பதைப் பார்க்கலாம்.

ராணி தண்ணீருக்குப் படி கட்டினார். ராஜாவின் ஆட்கள் செய்தது வேறு. 1730-இல் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டுமென்று கேஜர்லி கிராமத்துக்குக் கோடரியோடு போனார்கள். மரத்தை வெட்டுவதே பாவம் என்று வாழும் பிஷ்னோய் சமூகத்தார் ஊர் அது. அம்ரிதா தேவி தொடங்கி 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள். அவர்கள் காத்த மரத்துக்குக் கேஜ்ரி என்று பெயர். அது வேறொன்றுமில்லை, விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நிற்கும் நம் வன்னிதான். அதன் காயை உலர்த்திச் சமைக்கும் கேர்-சாங்ரி கறியைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். வன்னிக்காயைச் சாப்பிடலாம் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

உமைத் பவன் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் போதும். 1929-இல் தொடங்கி 1943-இல் முடித்தது, பஞ்ச காலத்தில் ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று எடுத்த வேலை. இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று முகம் சுளித்துக்கொண்டு போனவன், இதைக் கேட்டபின் கொஞ்சம் அடங்கினேன்.

ஜெய்சல்மேருக்கு ஜோத்பூரிலிருந்து ரயிலில் அரை நாளாவது போய்விடும். பாட்டி (Bhati) என்ற ராஜபுத்திர வம்சத்து ராவல் ஜெய்சல் 1156-இல் எழுப்பிய கோட்டை, மஞ்சள் மணற்கல், 99 கொத்தளங்கள். வெயில் சாயும்போது பொன்னாக மின்னுவதெல்லாம் உண்மைதான். ஆனால் இது காட்சிக்கு வைத்த கோட்டை அல்ல, உள்ளே சில ஆயிரம் பேர் இன்றும் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, மாடு குறுக்கே நிற்கிறது, சமண ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது.

ஆசைப்பட்டு முதல் ராத்திரி கோட்டைக்குள்தான் தங்கினேன். காலையில் கட்டிலையொட்டிய சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருப்பதைக் கண்டேன். விரலால் தொட்டேன், கல் மாவாக உதிர்ந்தது. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊரில் ஓதமா? விசாரித்தால், குடத்தில் சுமந்துவந்த காலத்தில் சிந்தாத தண்ணீர், குழாய் வந்தபின் பல மடங்காகிவிட்டது. கழிவுநீர் கசிந்து அடியிலிருக்கும் களிப்பாங்கான மண்ணை இளக்கிவிடுகிறது. சில கொத்தளங்கள் சரிந்தே போயின. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டைக்கு இப்போது எதிரி விடுதிக் குளியலறைகள். அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். நீங்களும் வெளியே தங்குங்கள்.

அந்தக் குடங்கள் நிறைந்த இடம் கடிசர் ஏரி. குழாய் வரும்வரை ஊருக்கே அதுதான் ஊருணி. கரையில் நிற்கும் தோரணவாயிலைத் திலோன் என்ற கணிகை கட்டினாள். அதன் வழியாகத் தண்ணீருக்குப் போவதா என்று அரசகுலம் இடிக்கப் பார்க்க, அவள் மேலே கிருஷ்ணனுக்கு ஒரு சந்நிதி எடுத்துவிட்டாள், அப்புறம் யார் கை வைப்பது என்று கதை சொல்கிறார்கள். பட்வோன் கி ஹவேலி என்ற வணிகர் மாளிகையின் பலகணிகளில் மரத்தில் இழைத்ததுபோல் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். சிந்துப் பக்கம் போன ஒட்டக வணிகத்தின் காசு அது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வருமானம் வற்றியது, 1947 பிரிவினையோடு பாதையே அடைபட்டது.

சம் மணல்மேடு: எல்லோரும் போகிறார்கள், நானும் போனேன். ஒலிபெருக்கியில் பாட்டு, ஜீப் புகை, ஒட்டகத்துக்கு முதலில் சொன்ன ரேட் ஒன்று, இறங்கும்போது கேட்டது இன்னொன்று. அந்த நேரத்தைக் குல்தராவுக்குக் கொடுங்கள். பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலிசெய்துவிட்டுப் போன கிராமம். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே இரவில் போனார்கள், போகும்போது சபித்தார்கள் என்று சொல்லிப் பேய் வியாபாரம் நடக்கிறது. கிணறுகள் வற்றியதும் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது.

அவர்கள் விட்டுப்போன உண்மையான சொத்து 'கடீன்'. கல்லாந்தரையில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் மண்கரை போட்டு மறிப்பார்கள். இதுவரை நம் கண்மாய்தான். நாம் மடையைத் திறந்து கரைக்கு வெளியே பாய்ச்சுவோம். இவர்கள் தண்ணீர் சுவறியதும் அது நின்ற கரையின் உட்பக்கத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்துவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொன்னேன். பிப்ரவரி மாதம், சுற்றிலும் வெறும் கல், நடுவில் ஒரு பச்சைக் கடலை வயல். முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். கிணறு எங்கே என்று டிரைவரை விட்டுக் கேட்டேன். கிணறு இல்லை, மழை செப்டம்பரோடு சரி என்றார். பிறகு குனிந்து, ஒரு செடியின் பக்கத்தில் கையாலேயே மண்ணைத் தோண்டிக் காட்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண் கறுத்து, சில்லென்று இருந்தது.