எஃப்1-ஐ மறுபடி இந்தியாவுக்கு கூப்பிடலாமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

இந்தியா மறுபடியும் ஃபார்முலா ஒன் (எஃப்1) கார் ரேஸ் நடத்த கேக்கணும்னு ஒரு கூட்டம், வேண்டவே வேண்டாம்னு ஒரு கூட்டம், வருஷக்கணக்கா சண்டை ஓடிட்டு இருக்கு. நான் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரொம்ப வருஷமா மார்ஷலா, அதாவது டிராக் ஓரமா கொடி காட்டி எச்சரிக்கற ஆளா நிக்கறவன், 2011-ல டெல்லி பக்கத்து கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்ல நடந்த மொத ரேஸுக்கும் கொடி புடிக்க போயிருந்தேன். அப்பலேர்ந்து இந்த கணக்கு வழக்கு, கோர்ட்டு கேஸ் எல்லாத்தையும் விடாம படிச்சிட்டு வர்றேன். கேளுங்க.

திருப்பூர் நண்பர்: அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. கேக்கலாமா வேணாமா?

கேக்கணும், ஆனா இப்ப வேணாம். வரி விஷயத்த சரி பண்ணாம, ரேஸ் நடத்த ஃபார்முலா ஒன் கம்பெனிக்கு குடுக்கற ஃபீஸ யாரு கட்டுவாங்கன்னு முன்னாடியே எழுதி வைக்காம போனா, 2013-ல மூணே வருஷத்துல ரேஸ் நின்னு போச்சே, அதே தான் திரும்ப நடக்கும். அப்புறம் இன்னொன்னு, இது ஒலிம்பிக்ஸ் மாதிரி நாடுங்க போட்டி போட்டு ஓட்டெடுப்பு நடக்கற சமாச்சாரம் இல்லப்பா. ஃபார்முலா ஒன் கம்பெனி கூட உக்காந்து பேரம் பேசி ரேஸ் ப்ரமோஷன் கான்ட்ராக்ட் போடணும், கையெழுத்து போடறது ரேஸ இங்க நடத்தற ப்ரமோட்டர், அது தனியாராவும் இருக்கலாம் அரசு கம்பெனியாவும் இருக்கலாம், டிராக்குக்கு உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ குடுக்கற கிரேட் 1 லைசென்ஸ் (எஃப்1 நடத்த வேண்டிய உச்ச தகுதி) இருக்கணும். அதனால "நாடு கேக்குது"ன்னு யாராவது சொன்னா, பில்லு யாரு பேருல வரும்னு தான் மொதல்ல கேக்கணும்.

ஈரோடு தம்பி: அந்த ஃபீஸ் எவ்ளோ சார்? போட்ட காசு வந்துராதா?

எல்லா கான்ட்ராக்டும் ரகசியம் தான், ஆனா நம்ம கான்ட்ராக்ட் மட்டும் வரி கேஸ்ல மாட்டுனதால சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புலயே வெளிய வந்துருச்சு. 4 கோடி டாலர். அன்னைக்கு டாலர் ரேட்டுல கிட்டத்தட்ட 200 கோடி ரூபா. 2011-ல சுமார் 95,000 பேர் வந்தாங்கன்னு சொன்னாங்க. வகுத்து பாருங்க, ஒரு ஆளுக்கு 20,000 ரூபாக்கு மேல வசூல் ஆனா தான் அந்த ஃபீஸ் மட்டுமாவது தேறும், டிராக் கட்டுன கடன், வட்டி, கரண்டு, செக்யூரிட்டி எல்லாம் அதுக்கு மேல. ஆனா டிக்கெட்டு 2,500 ரூபாலேர்ந்து வித்தாங்க. அடுத்த வருஷம் கூட்டமும் 65,000-க்கு எறங்கிடுச்சு.

வேற வழியில காசு வராதான்னு கேப்பீங்க. டிவி உரிமை ஃபார்முலா ஒன் பக்கம், டிராக்க சுத்தி இருக்கற விளம்பர போர்டு அவங்க பக்கம், டைட்டில் ஸ்பான்சர் அவங்க பக்கம், பெரிய பெரிய கம்பெனிக்காரங்க உக்காந்து சாப்புடற பேடாக் கிளப் வரைக்கும் அவங்க பக்கம். கல்யாணத்த நம்ம மண்டபத்துல நம்ம செலவுல வச்சிட்டு மொய்ப்பணத்த மட்டும் வந்தவங்க எடுத்துட்டு போற மாதிரி. ப்ரமோட்டருக்கு மிச்சம் இருக்கறது டிக்கெட் காசு தான்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம்னு நெனைக்காதீங்க. சில்வர்ஸ்டோன், 1950-ல உலக சாம்பியன்ஷிப்போட மொத ரேஸே அங்க தான் நடந்துச்சு, எப்பவும் கூட்டம் நெரியற டிராக். அவங்க கான்ட்ராக்ட்ல வருஷத்துக்கு 5 சதவீதம் ஃபீஸ் ஏறிட்டே போச்சு. 2015-ல 28 லட்சம் பவுண்டு நஷ்டம், 2016-ல 48 லட்சம். 2017-ல கான்ட்ராக்ட்ட பாதியில முறிக்கறோம்னு நோட்டீஸே குடுத்துட்டாங்க, அப்புறம் 2019-ல தான் வேற கான்ட்ராக்ட் பேசி முடிச்சாங்க. அவங்களுக்கே அப்படின்னா நாம எவ்ளோ உஷாரா இருக்கணும்.

மதுரை வாசகர்: வரி தான் ரேஸ கெடுத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, என்ன வரி அது?

ஒண்ணு இல்ல, மூணு பக்கம் இடிச்சுது. மொதல்ல, மத்திய அரசு இத விளையாட்டுன்னே ஏத்துக்கல, பொழுதுபோக்குன்னு சொல்லிட்டாங்க, அதனால விளையாட்டு சாமானுக்கு கெடைக்கற கஸ்டம்ஸ் சலுகை கெடைக்கல. காரு, கம்ப்யூட்டர் மாதிரி வந்து திரும்பி போற சாமானுக்கு மத்த நாட்டுல கார்னெட்னு ஒரு பேப்பர் காட்டி டூட்டி இல்லாம உள்ள கொண்டு வந்து கொண்டு போயிருவாங்க, டயரும் பெட்ரோலும் இங்கயே தீந்து போறதால அதுல எப்பவும் தகராறு வரும், இங்க அந்த தகராறு கொஞ்சம் பெருசாவே ஆச்சு.

ரெண்டாவது கேளிக்கை வரி. உத்தரப்பிரதேச அரசு விலக்கு குடுத்துச்சு, அத எதுத்து ஒருத்தர் பொதுநல வழக்கு போட்டாரு, மொத ரேஸுக்கு பத்து நாள் கூட இல்லாத நேரத்துல டிக்கெட் வருமானத்துல 25 சதவீதத்த தனி அக்கவுண்ட்ல போட்டு வைங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அந்த ஆளு கேட்டது நியாயம்னு தான் நான் இன்னிக்கும் சொல்வேன், பணக்காரங்க பாக்கற ரேஸுக்கு எதுக்கு வரி விலக்குன்னு ஒரு குடிமகன் கேக்கலாம். ஆனா அதுக்கு பதில் ரேஸ் வரதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிவாகி இருக்கணும், பத்து நாள் முன்னாடி இல்ல.

மூணாவது தான் பெருசு, வருமான வரி. ரேஸ் நடக்கற அந்த சில நாளைக்கு சர்க்யூட் முழுசா ஃபார்முலா ஒன் கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்கு, அதனால அது அவங்களோட நிரந்தர தொழில் இடம் மாதிரி, இங்க சம்பாதிச்ச லாபத்துக்கு இங்க வரி கட்டணும்னு 2017 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு. சட்டப்படி சரியான தீர்ப்பு தான். ஆனா அந்த தீர்ப்பு இருக்கற வரைக்கும் நாளைக்கு யாரு பேரம் பேச போனாலும் அந்த வரியையும் ப்ரமோட்டர் தலையில கட்டுன்னு தான் அவங்க கேப்பாங்க, அப்ப 4 கோடி டாலருங்கறது இன்னும் மேல போகும். இத பேசாம "இந்தியா ரெடி"ன்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க.

சிங்கப்பூர்ல இருந்து ஒரு அக்கா: எங்க ஊர்ல 2008-லேர்ந்து நடக்குதே தம்பி, இங்க மட்டும் எப்படி ஓடுது?

அக்கா, உங்க ஊர்ல அரசாங்கமே செலவுல பெரும்பங்கு ஏத்துக்கிச்சு. ஆரம்பத்துல வருஷத்துக்கு சுமார் 15 கோடி சிங்கப்பூர் டாலர் செலவு, அதுல 60 சதவீதம் அரசு பணம். அத மறைக்கல, வெளிப்படையா சொன்னாங்க. ஹோட்டல்காரங்களுக்கு ரேஸ் நாள்ல ரூம் வாடகை எக்குத்தப்பா ஏறும்னு தெரிஞ்சு அவங்க கிட்டயே தனியா செஸ்னு ஒரு கூடுதல் வரி வசூல் பண்ணாங்க, அதாவது லாபம் யாருக்கோ அவங்க கிட்டயே செலவுல ஒரு பங்க வாங்குனாங்க. ராத்திரி ரேஸ், எஃப்1-லயே மொத தடவ, ஐரோப்பால மத்தியானம் டிவில பாக்கற நேரம், பின்னாடி மரீனா பே வெளிச்சம். டிராக்க விட்டு எறங்குனா எம்ஆர்டி மெட்ரோ ரயில். நம்ம ஆளு புத் சர்க்யூட்டுக்கு போகணும்னா டெல்லிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் கார்ல, ரேஸ் முடிஞ்சு வெளிய வரதுக்கு இன்னும் அதிகம், 2011-ல அந்த பக்கத்துல நல்ல ஹோட்டலே கெடையாது. வந்த வெளிநாட்டுக்காரன் டெல்லில தங்கி டெல்லில செலவு பண்ணான், வரிய விட்டுக் குடுத்தது மட்டும் உத்தரப்பிரதேசம்.

தென்கொரியாவும் இதே தப்ப பண்ணுச்சு. சியோல்லேர்ந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி யோங்கம்ல டிராக் போட்டாங்க, 2010-லேர்ந்து 2013 வரைக்கும் நாலே ரேஸ்.

கிள்ளான், மலேசியா: அப்ப நாங்க ஏன் விட்டோம் அண்ணா? செப்பாங் ஏர்போர்ட் பக்கத்துலயே தானே இருக்கு.

உங்க கதை எனக்கு ரொம்ப வருத்தம் தம்பி, செப்பாங் மாதிரி ஒரு டிராக் கெடைக்கறது கஷ்டம், 5.543 கிலோமீட்டர், ஓவர்டேக் பண்ண எடம் நெறைய. 1999-ல பிரதமர் மகாதீர் காலத்துல வந்தப்ப ஆசியால ஜப்பான விட்டா நீங்க தான். அப்புறம் பஹ்ரைன், சீனா, சிங்கப்பூர், அபுதாபின்னு வரிசையா வந்துருச்சு, மொத ஆளுங்கற மவுசு போச்சு, பக்கத்துலயே சிங்கப்பூர் ராத்திரி ரேஸ் வச்சதும் வெளிநாட்டு கூட்டம் அங்க போச்சு. உங்க பெட்ரோனாஸ் எண்ணெய் கம்பெனி ஸ்பான்சர் பண்ணியும் செலவுக்கு ஏத்த வரவு இல்லன்னு அரசே சொல்லி, ஒரு வருஷம் கான்ட்ராக்ட் பாக்கி இருக்கும்போதே 2017-ல முடிச்சுக்கிட்டாங்க. ஆனா ஒண்ண கவனிங்க, மோட்டோஜிபிங்கற பைக் ரேஸ விடல. ஃபீஸ் கம்மி, டிக்கெட் கம்மி, பைக் ஓட்டாத வீடே இல்லாத ஊரு. நமக்கும் அது தானே பொருந்துது?

அரியலூர் நண்பர்: அதான் 2023-ல மோட்டோஜிபி வந்துச்சே, அதுவும் நின்னுருச்சே?

ஆமா, அதான் எனக்கு ஆத்தாமையே. 2023 செப்டம்பர்ல புத் சர்க்யூட்ல நடந்துச்சு, மார்கோ பெஸெக்கி ஜெயிச்சாரு, நல்ல ரேஸ். ஆனா ஆரம்பமே கோளாறு, வீரர்களுக்கும் டீம் ஆளுங்களுக்கும் விசா நேரத்துக்கு வரல, மார்க் மார்க்கெஸே ஃப்ளைட் ஏற முடியாம காத்திருந்தாரு. செப்டம்பர் வெயில்ல ரேஸ 24 லேப்லேர்ந்து 21-ஆ கொறச்சாங்க, ரெண்டாவது வந்த ஹோர்கே மார்ட்டின் உடம்புல தண்ணி வத்தி சுருண்டு விழுந்துட்டாரு. அடுத்த வருஷம் கேன்சல். விசா குடுக்கறதும் நல்ல மாசம் பாத்து தேதி வாங்கறதும் காசு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லப்பா, ஆறு மாசம் முன்னாடி ஒரு அதிகாரி உக்காந்து பாத்தா முடியற வேலை. ஹைதராபாத்ல நடந்த ஃபார்முலா ஈ-ங்கற கரண்டு கார் ரேஸும் அதே மாதிரி தான், 2023 பிப்ரவரில ஒரு ரேஸ், ஆட்சி மாறுனதும் 2024 ரேஸ் ரத்து, இப்ப கேஸு. ஆட்சி மாறுனா ரேஸ் போயிரும்னா எந்த வெளிநாட்டுக்காரன் அஞ்சு வருஷ கையெழுத்து போடுவான்?

ஓசூர் விவசாயி மகன்: டிராக்குக்கு நெலம் எடுத்தாங்களே, அத பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க.

நீங்க கேட்டது நல்லது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயும் அத ஒட்டுன டவுன்ஷிப்பும் எழும்புன பெல்ட் அது. ரேஸ் நடந்த அதே 2011-ல, மே மாசம், அதே மாவட்டத்துல பட்டா பர்சௌல் கிராமத்துல எக்ஸ்பிரஸ்வே நெலத்துக்கு போராடி விவசாயிங்களும் போலீஸ்காரங்களும் செத்துருக்காங்க. டிராக்க கட்டுன குழுமத்துக்கு ரேஸ் மட்டும் நோக்கம் இல்ல, டிராக்க காட்டி பக்கத்துல ஸ்போர்ட்ஸ் சிட்டின்னு வீடு விக்கறது தான் கணக்கு. வீட்டு மார்க்கெட் படுத்துச்சு, கடன் ஏறுச்சு, 2024-ல தாய் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள்ள போயிருச்சு. அதனால புதுசா ஒரு ஏக்கர் கூட எடுக்க கூடாதுங்கறது என் கட்சி. இருக்கற டிராக்க ரிப்பேர் பண்ணி லைசென்ஸ் வாங்குங்க போதும்.

பெரம்பூர் தம்பி: தீவுத்திடல்ல போட்டாங்களே, அந்த மாதிரி சிட்டி ரோட்லயே எஃப்1 போடலாமே?

2024 ஆகஸ்ட் கடைசில நடந்தது எஃப்4 தம்பி, எஃப்1-க்கு ரொம்ப கீழ் மட்டத்து ரேஸ், டிராக் 3.5 கிலோமீட்டர். மிச்சாங் புயலால 2023 டிசம்பர்லேர்ந்து தள்ளி போனது. லைட்டுக்கு கீழ வண்டிங்க சிவானந்தா சாலைல பாஞ்சு வரத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்குச்சு, பொய் சொல்லல, சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல கயிறு கட்டி ரேஸ் பாத்த ஊருப்பா இது. ஆனா அரசு செலவு பண்ண 42 கோடிய ரேஸ் நடத்தற கம்பெனி திருப்பி குடுக்கணும்னு ஹைகோர்ட்டு சொன்னத மறக்காதீங்க, அது தான் சரியான வழி. எஃப்1-க்கு சிட்டில போட்டா வாரக்கணக்குல தடுப்பு கட்டணும், ஜிஎச்சுக்கு ஆம்புலன்ஸ் போற ரோடு அது. வேணாம்.

சேலம் மாணவி: பொல்யூஷன் அதிகமில்லையா?

அதிகம் தான்மா, ஆனா கார் விடற புகை அதுல சின்ன பங்கு. சாமான ஃப்ளைட்ல தூக்கிட்டு சுத்தறது தான் பெருசு.

கோயம்புத்தூர் அண்ணாச்சி: ரேஸ் வந்தா நம்ம பசங்க மேல வருவாங்கள்ல? நரேன் மாதிரி?

அண்ணாச்சி, நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் டீம்ல எஃப்1 ஓட்டும்போது இந்தியால எஃப்1 ரேஸே கெடையாது. உங்க ஊரு கரி ஸ்பீட்வேயும் எங்க இருங்காட்டுக்கோட்டையும் தான் இந்த பக்கத்து பசங்கள உருவாக்குச்சு. ரேஸ் வந்ததால மூணு வருஷத்துல ஒரு புது டிரைவரும் வரல. இப்ப அஜித் 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல டீம் எறக்கி கிளாஸ்ல மூணாவது வந்தப்ப எத்தன சின்ன பசங்க கார்ட்டிங் (குட்டி ரேஸ் வண்டி ஓட்டறது) எங்க கத்துக்கறதுன்னு கேட்டாங்க தெரியுமா, ஆனா ஒரு சீசன் கார்ட்டிங் ஓட்ட வைக்க நடுத்தர குடும்பத்தால முடியாது. 200 கோடி ஃபீஸ்ல பத்துல ஒரு பங்க கார்ட்டிங் டிராக்குக்கும் டயருக்கும் போடுங்க, அதுக்கப்புறம் பாருங்க.

வேலூர் நண்பர்: 2011-ல நேர்ல எப்படி இருந்துச்சுண்ணே?

வெள்ளிக்கிழம மொத பிராக்டிஸ்லயே தெருநாய் ஒண்ணு டிராக்ல ஓடி வந்து, ரெட் ஃப்ளாக் காட்டி எல்லாத்தையும் நிறுத்துனாங்க. எங்க எல்லாருக்கும் அவமானமா இருந்துச்சு, டிராக் பூரா தூசி வேற. ஆனா ஞாயித்துக்கிழம ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதே மாசம் ரேஸ்ல செத்துப்போன இண்டிகார் டிரைவர் டேன் வெல்டனுக்கும், சரியா ஒரு வாரம் முன்னாடி செப்பாங்ல செத்துப்போன மோட்டோஜிபி வீரர் சிமோன்செல்லிக்கும் ஒரு நிமிஷம் மவுனம் நின்னாங்க. அவ்ளோ பெரிய கூட்டம், பாதி பேருக்கு ரேஸே புதுசு, ஒரு சத்தம் வரல. அப்புறம் 24 காரும் ஒண்ணா கெளம்பறப்ப நெஞ்சுக்குள்ள அதிருச்சு பாருங்க. மூணு வருஷமும் ரெட் புல் டீம் டிரைவர் வெட்டல் தான் ஜெயிச்சாரு. 2013-ல நாலாவது பட்டத்த அங்க வாங்கி ஸ்டாண்டுக்கு முன்னாடியே வண்டிய சுத்தி சுத்தி புகை கெளப்பி எறங்கி கும்புட்டாரு, அதுக்கு அவரு டீமுக்கு 25,000 யூரோ ஃபைன் போட்டாங்க. அது தான் கடைசின்னு அப்ப எங்களுக்கு தெரியாது. அதனால தான் சொல்றேன், எனக்கு ஆசை இல்லாம இல்ல.

தாம்பரம் தம்பி: அண்ணா எனக்கு 19 வயசு, நானும் மார்ஷல் ஆகணும், என்ன பண்ணணும்?

வா தம்பி, ஆள் எப்பவும் பத்தாது. கிளப்ல ரேஸுக்கு முன்னாடி ட்ரெய்னிங் வைப்பாங்க, கொடி, ரேடியோ, தீ அணைக்கறது, வண்டிய தள்ளறதுன்னு எல்லாம் சொல்லி குடுப்பாங்க. காலைல வெள்ளனவே டிராக்ல இருக்கணும், பெருசா காசு எதிர்பாக்காத. பருத்தி சட்டை, முழு கால்சட்டை, கெட்டி ஷூ, தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி. முக்கியமா, வண்டி வர்ற பக்கம் முதுக காட்டி மட்டும் நிக்காத.