சிகாகோவின் பில்சன் பகுதியில் மெக்சிகோக்காரர்கள் கொண்டாடும் இறந்தோர் நாள் விழாவுக்கு நாங்களும் போகலாமா? முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டால் தப்பாக நினைப்பார்களா?

போகலாம். வரைந்தும் கொள்ளலாம். இதற்கு மேல் நான் எழுதப்போவது நீங்கள் கேட்காதது. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

சிகாகோவுக்குப் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். நேப்பர்வில் பக்கம் வீடு எடுத்திருப்பீர்கள், ஆபீஸில் யாராவது போட்டோ காட்டியிருப்பார்கள், ஹாலோவீன் முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு இதையும் காட்டிவிடலாம் என்று தோன்றியிருக்கும். நல்லதுதான். ஆனால் 'மெக்சிகோ ஹாலோவீன்' என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வருவது பேய்கள் இல்லை, அந்தந்த வீட்டு ஆட்கள்.

நான் மெக்சிகோக்காரன் இல்லை, மானிடவியல் படித்தவனும் இல்லை. இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் படித்தபோது பில்சனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன், அவ்வளவுதான். வளாகத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அப்போது வாடகையும் கையைக் கடிக்காது. அந்த வளாகத்தை 1965இல் திறப்பதற்காக அங்கிருந்து கிளப்பப்பட்ட மெக்சிகோ குடும்பங்கள் பல பில்சனுக்குத்தான் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் அது செக் நாட்டுக்காரர்கள் பேட்டை, பெயரே அவர்கள் ஊர்ப் பெயர்தான்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்தவர். தெருவே அவரை மரியாதையாக 'தோன்யா' என்று கூப்பிடும், நானும் அப்படியே. அக்டோபர் கடைசியில் அவர் வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு மேசையும் பழப்பெட்டிகளுமாக மூன்று தட்டு அடுக்குவார். மேலே பூவேலை போட்ட துணி, அதற்கும் மேலே காகிதத்தில் வெட்டிய தோரணம். பிளாஸ்டிக் வாளிகளில் செண்டுமல்லி வந்து இறங்கும். நம் ஊரில் மாலை கட்டும் அதே பூதான், அதற்குப் பூர்வீகமே மெக்சிகோ. இதழ்களை உதிர்த்து வாசற்படியிலிருந்து படையல் வரை பாதை போடுவார், வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டுமாம். நடந்து வந்த தாகத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் உப்பு, ஆளுக்கொரு மெழுகுவத்தி, தணலில் சாம்பிராணி மாதிரி கோப்பல் பிசின். எலும்பு மாதிரி குறுக்கே உருட்டி வைத்து, மேலே சர்க்கரை தூவிய ரொட்டி. ஈரல் கெட்டு இறந்துபோன கணவருக்கு ஒரு டெக்கீலா பாட்டில். "அதையேவா வைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். "இனிமேல் அவருக்கு ஈரல் ஏது, நன்றாகக் குடிக்கட்டும்" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, உன் வீட்டில் யாரும் இல்லையா என்றார். அப்பா என்றேன். படத்தைக் கொண்டா என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினவர். வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. அவர் போனதும் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கொடுத்தோம். அந்தப் புண்ணியவான் கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் சிவப்பு டையும் ஒட்டி, முகத்தை வெள்ளையடித்து, பின்னால் மேகம் வைத்துக் கொடுத்தான். கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் சார் கேக்குறாங்க." அசல் படத்தையும் தொலைத்துவிட்டான். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவரில் யாரோ ஒருவரின் கோட்டுக்குள் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இதை ஏன் யாரும் கேட்பதில்லை? என்னிடம் இருந்தது அந்தப் படம்தான். தோன்யா வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "வக்கீலா?"

மேல்தட்டில் தன் கணவருக்குப் பக்கத்திலேயே வைத்தார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். இந்தியக் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூவுக்குப் போய்க் காராச்சேவும் வெற்றிலையும் வாங்கி வந்தேன். சிகரெட்டும் வைக்கலாம் என்று எண்ணி அம்மாவுக்குப் போன் போட்டால், "அந்தக் கருமம்தானே அவரைக் கொண்டுபோச்சு, அதையா வைக்கப்போற?" என்று ஒரே சத்தம். தோன்யாவின் ஈரல் நியாயத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஒண்ணே ஒண்ணு வை. பாக்கெட்டோட வைக்காதே" என்றார்.

இந்த விழாவில் எனக்குப் பிடித்தது சிரிப்பு. இந்த நாளுக்கென்று கேலிப்பாட்டு எழுதும் வழக்கம் அவர்களிடம் உண்டு. உயிரோடு இருக்கிற வாத்தியார், முதலாளி, மாமியார் யாரையாவது சாவு வந்து தூக்கிப்போவதாக எழுதுவார்கள். தோன்யாவின் பேரன் என்மேல் ஒன்று எழுதி, சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் வாசித்தான். மாடிக்காரனைக் கொண்டுபோக மரணம் படியேறி வருகிறாள், நான் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டுக்கொண்டிருக்கிறேன், வாடை தாங்காமல் இல்லாத மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரரும் மேசையில் இருந்தார், அவர்தான் அதிகம் சிரித்தார். நம் வீட்டில் அமாவாசைப் படையலன்று இப்படி ஒரு பாட்டைப் பாடிப்பாருங்கள், தெரியும்.

"நம்ம மகாளய அமாவாசைதான் அங்கே போயிருக்கு" என்று கீழே யாராவது எழுத வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மெக்சிகோவில் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த வழக்கங்களும் கத்தோலிக்கர்களின் சகல ஆத்துமாக்கள் திருநாளும் கலந்து வளர்ந்தது இது, நமக்கு இதில் பங்கு கேட்கவேண்டிய அவசியமில்லை. இன்னொரு கூட்டம், மாலை போட்ட படத்தை ஊரான் வீட்டில், அதுவும் மண்டையோட்டுப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் என் அத்தை ஏற்கெனவே கேட்டாயிற்று. படத்தில் கோட்டு ஒட்டியபோது யாரும் வாயே திறக்கவில்லை அத்தை.

முக ஓவியத்துக்கு வருகிறேன். தொப்பி போட்ட அந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி, கத்ரினா, 1913இல் இறந்த ஹோசே குவாடலூப் போசாதா என்ற ஓவியர் பணக்கார வேஷம் போட்டவர்களைக் கிண்டல் செய்து செதுக்கியது. 1947இல் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடை போட்டு நடுவில் நிறுத்தினார். மெக்சிகோ நகரத்தின் பெரிய ஊர்வலமே 2016இல் தொடங்கியதுதான், அதுவும் அதற்கு முந்தைய வருடம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு காட்சி வைத்ததால். அமெரிக்காவில் இதை வீதிக்கும் கலைக்கூடத்துக்கும் கொண்டுவந்ததும் 1970களில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து சிக்கானோ, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க ஓவியர்கள்தான். அதனால் வரைந்துகொள்வது யாருக்கும் துரோகமில்லை. அங்கேயே மேசை போட்டு வரைந்துவிடுவார்கள், பேரம் பேசாமல் காசு கொடுத்து வரைந்துகொள்ளுங்கள். என் வருத்தமெல்லாம், வரைந்த முகத்தோடு வந்து, யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்த படையலுக்கு முன்னால் செல்பிக்கு உதட்டைக் குவிக்கிறார்களே, அதுதான். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அந்த ஆள் யார் என்ற கதையும் சேர்த்துக் கிடைக்கும்.

ஹாரிசன் பூங்காவில் இருக்கும் தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். 1987இல் திறந்ததிலிருந்து வருடாவருடம் இந்த நாளுக்கென்றே கண்காட்சி வைக்கிறார்கள், அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பிறகு 18வது தெருவில் ரொட்டிக்கடைகளில் நுழையுங்கள். வாடகையும் சொத்து வரியும் ஏறி ஏறிப் பாதிக் குடும்பங்கள் சிசரோ, பெர்வின் என்ற புறநகர்கள் பக்கம் போய்விட்ட தெரு அது. காபிக்குச் சங்கிலிக் கடைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் அவர்களிடமே நாலு காசு செலவழியுங்கள்.

பிள்ளைகளுக்குக் கனத்த ஜாக்கெட் போடுங்கள், குளிரும். பிங்க் லைன் ரயிலில் வந்து 18வது தெரு நிலையத்தில் இறங்கினால் படிக்கட்டிலிருந்தே சுவரோவியம்தான். காரில்தான் வருவேன் என்றால், பார்க்கிங்குக்கு அலைந்த கதையை அடுத்த கேள்வியாகப் போடுங்கள், அதற்கும் என்னிடம் நிறைய இருக்கிறது.