மழையில் மலையேறும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் 14 வயதுப் பிள்ளைகள் ஆறாறு பேராகச் சேர்ந்து, பெரியவர் துணையில்லாமல் இரண்டு நாளில் 56 கிலோமீட்டர் நடக்கிறார்களாமே! எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை ஜூலையில் கர்நாடகத்தின் குதுரேமுக் மலைக்கு அப்படி அனுப்பலாமா? – வாசகர், அல்சூர், பெங்களூர்

பதில்: தனியாக அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்லும் 'டென் டார்ஸ்' (பத்துப் பாறைக்குன்றுகள்) நடையை 1960 முதல் ராணுவம் நடத்துகிறது. கூட யாரும் நடப்பதில்லையே தவிர, வழியிலுள்ள ஒவ்வொரு பாறைக்குன்றிலும் ஆள் இருப்பார்கள். குழு அங்கே பதிந்துவிட்டுத்தான் நகர வேண்டும். பிள்ளைகளும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்படியும் 2007 மார்ச்சில், பயிற்சியின்போது ஓடையில் விழுந்து 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதே ஆண்டு மே மாதம் ஆறுகள் பெருகியதால் நடையையே பாதியில் நிறுத்தினார்கள்.

குதுரேமுக் உச்சி 1,890 மீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதி வேண்டும், மேலே இரவு தங்கக் கூடாது. எனவே ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும், சுமார் 20 கிலோமீட்டர். கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். மூட்டையோடு பிள்ளைகள் மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பார்கள். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். 10 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் நான்கு மணி நேரம், சேற்றில் ஐந்து. காலை 7 மணிக்குக் கிளம்பினால், 12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

கேள்வி: குதுரேமுக்கில் பனியா பெய்கிறது? குளிர் ஆபத்தாகுமா? – வாசகி, ஜெயநகர்

பதில்: ஆகும். சோலைக்காட்டுக்குள் நடக்கும்வரை தெரியாது. புல்வெளிக்கு வந்ததும் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இருக்காது. 12, 15 டிகிரியிலும் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பனியனும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலோடு ஒட்டிக்கொள்ளும், காயாது. பாலியஸ்டர் டீ-ஷர்ட், கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் தண்ணீர் புகாத ஜெர்க்கின் போதும். போர்வைபோல் தலைவழியே மாட்டும் மழையங்கியான போன்சோ காற்றில் தலைக்கு மேல் பறக்கும். மாற்றுத் துணியைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு முடிந்து வையுங்கள். பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும், சட்டைப் பொத்தானைப் போட விரல் வராது, "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்க" என்று எரிந்து விழுவார்கள். நடுக்கம் தானாக நின்று ஆள் மந்தமானால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். காற்றுபடாத இடத்தில் உட்கார வைத்து, ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போடுங்கள். அடியில் பையையோ பாயையோ விரியுங்கள்; தரை உறிஞ்சும் சூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட வெந்நீர், கடலைமிட்டாய் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கவே கூடாது. 112-ஐ அழையுங்கள், சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கேள்வி: வழியில் ஓடை பெருகிவிட்டால் கயிறு கட்டிக் கடக்கலாமா? – குழுப் பொறுப்பாளர், இந்திராநகர்

பதில்: இடுப்பில் கயிறு கட்டாதீர்கள். விழுந்தவரைக் கயிறே தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துவிடும். காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை மாலையில் தொடையளவு ஆகலாம். மேலே பெய்த மழைதான் காரணம். தண்ணீர் செம்மண் நிறமாகி, குச்சியும் சருகும் அடித்து வந்தால் இறங்க வேண்டாம். வேகமான தண்ணீர் முழங்காலளவு இருந்தாலும் ஆளைச் சாய்க்கும். மழை விட்டால் சில மணி நேரத்தில் வடியும். காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள். ஆழமில்லாத ஓடையில் இறங்கும்போதும் ஷூவைக் கழற்றாமல், பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும்.

கேள்வி: இடி இடித்தால்? – அதே பொறுப்பாளர்

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள். ஒற்றை மரத்தடி வேண்டாம், ஒருவரை ஒருவர் தள்ளியே இருங்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே ஏறாதீர்கள்.