எட்டு மணி நேரம் படித்தும் ஏன்?

கேள்வி: மூன்று தடவை குரூப் 4 எழுதிவிட்டேன். தினமும் எட்டு மணி நேரம் படித்தும் இந்த முறையும் கட் ஆஃபைத் தொடவில்லை. "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி" என்கிறார்கள். மூன்று படி ஏறியும் நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். இன்னும் அதிக நேரம் படிக்கவா, விட்டுவிடவா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தோல்வி தானாக வாய் திறந்து பாடம் நடத்தாது. நாம்தான் குடைந்து குடைந்து கேட்க வேண்டும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது நினைவிருக்கும். அதற்கப்புறம் இஸ்ரோ செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கிடைத்த தரவுகளை வைத்து, எந்த இடத்தில் பிசகியது என்று தேடினார்கள். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை தந்திருந்தன. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டும்; மென்பொருள் அந்த அளவுக்கு விடவில்லை. போதாக்குறைக்கு, இறங்குவதற்குக் குறித்த இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்!

விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. மென்பொருள் மாறியது, கால்கள் பலமாயின, எரிபொருள் கூடியது. ஆனால் ஐந்து என்ஜினில் ஒன்றை எடுத்தே விட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டவில்லை, பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது.

நிலாவுக்கும் குரூப் 4க்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். எட்டு மணி நேரம் படித்ததை எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கேள்விகளில் மதிப்பெண் போனது என்று ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுதிய மூன்று வினாத்தாள்களையும் தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்பையும் எடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகளையும் மறுபடி எழுதுங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: படிக்கவே இல்லையா, படித்து மறந்ததா, கேள்வியை அவசரத்தில் தப்பாகப் புரிந்துகொண்டதா, நேரமில்லாமல் குத்துமதிப்பாகப் போட்டதா? மறந்தது அதிகம் என்றால் புதுப் புத்தகம் வாங்காதீர்கள். பழையதைத் திருப்பிப் பாருங்கள். நேரம்தான் சிக்கல் என்றால் வாரம் ஒரு மாதிரித் தேர்வு. பிடித்த வரலாற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, 25 கணக்குக் கேள்விகளை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அந்தக் கட்சியா?

விட்டுவிடலாமா என்பதற்கு இன்றே பதில் வேண்டாம். மூன்று தாளிலும் ஒரே வகைத் தப்பு என்றால் அதை மாற்ற முடியும். இன்னொரு முறை எழுதலாம். எல்லாப் பக்கமும் ஓட்டை என்றால், ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு நிதானமாகப் படிப்பதில் தப்பே இல்லை. எதுவானாலும் அந்தக் கணக்கை எனக்கு எழுதுங்கள். அதுவரை எட்டு மணி நேரத்தை ஒன்பதாக்க வேண்டாம்.