வாப்பா விட்டுச்சென்ற வைரக் கைக்கடிகாரம்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். கொழும்பில் இரத்தினக் கல் வியாபாரம் செய்த என் வாப்பா சென்ற ஆண்டு மௌத்தாகிவிட்டார்கள். அவர்கள் 1970-களில் வெளிநாட்டில் வாங்கிய, சுவிட்சர்லாந்தின் பியாஜே நிறுவனத் தங்கக் கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முகப்பு கருநீல லாபிஸ் கல். சுற்றிலும் சிறு வைரங்கள். சென்னை வியாபாரி ஒருவர் 6 லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். துபாயில் இருக்கும் மச்சானோ, "பழைய ரோலெக்ஸ் ஒன்று 100 கோடிக்கு மேல் போனது, கொடுத்தனுப்பு, மெருகேற்றி இங்கே விற்றுத் தருகிறேன்" என்கிறார். எனக்கு 4 லட்சம் ரூபாய் நகைக்கடன் 9 சதவீத வட்டியில் உள்ளது. உம்மாவும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விலையைப் பேசுவதற்கு முன், கடிகாரம் யாருக்கு உரியது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பொறுப்பில் இருக்கிறதே தவிர உங்களுக்கு மட்டும் சொந்தமன்று. வாப்பாவின் பெற்றோர் உயிருடன் இல்லை என்று கொண்டால், ஷரீஅத் பங்கீட்டின்படி உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கும், மீதியில் பாதி உங்களுக்கும், மறுபாதி இரு தங்கையருக்கும் சமமாகவும் சேரும். விற்பதற்கு நால்வரும் சம்மதித்ததாக எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொண்டால், வரிக் கணக்கை நால்வர் பெயரிலும் பிரித்துக் காட்டவும் அது உதவும்.

மச்சான் சொல்லும் ரோலெக்ஸ், 2017 அக்டோபரில் நியூயார்க்கில் சுமார் 1.77 கோடி டாலருக்கு ஏலம் போன, ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் 'டேடோனா' வகைக் கடிகாரமாக இருக்க வேண்டும். அது எஃகுக் கடிகாரம். அதில் ஒரு வைரம்கூடக் கிடையாது. அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் அதுதான் என்பதற்கு ஐயத்திற்கு இடமில்லாத சான்று இருந்ததே அந்த விலைக்குக் காரணம். சேகரிப்பாளர்கள் கல்லுக்கும் தங்கத்திற்கும் தரும் பணத்தைவிட, பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதற்கும் அதன் வரலாற்றுக்கும் தரும் பணமே அதிகம்.

உங்கள் விஷயத்தில் இதுதான் முதன்மையான கேள்வி. பியாஜே நிறுவனம் 1957-இல் 2 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்ட கடிகார இயந்திரத்தை வெளியிட்டது. அந்த மெலிவு இருந்ததால்தான் 1960-களில் லாபிஸ், பச்சை நிற மலக்கைட், புலிக்கண் ஆகிய கற்களை மெல்லிய தகடாகச் சீவி முகப்பாகப் பொருத்த முடிந்தது. ஆகவே உங்களிடம் இருப்பது சேகரிப்பாளர்கள் தேடும் வகைதான். ஆனால் சுற்றியுள்ள வைரங்களையும் நிறுவனமே பதித்ததா, அல்லது கல் வியாபாரியான உங்கள் வாப்பா தம்மிடமிருந்த நல்ல கற்களை ஆசாரியிடம் கொடுத்துப் பின்னாளில் பதிக்கச் செய்தார்களா? அந்தக் காலத்து வியாபாரிகள் பலர் அப்படிச் செய்தார்கள்; அதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பின்னாளில் பதித்த கற்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை பெரும்பாலும் போய்விடும். தங்கத்தின் எடைக்கும் கல்லின் தரத்திற்கும் உரிய தொகைதான் மிஞ்சும்.

பழைய கடிகாரங்களில் தேர்ந்தவர் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்தால் இதைச் சொல்லிவிடுவார். மூடியின் உட்புறத்தில் வரிசை எண்ணும், 18 காரட் தங்கத்திற்கு 1995 வரை சுவிட்சர்லாந்தில் இட்டுவந்த பெண் தலை முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே "ஜூவல்ஸ்" என்று ஓர் எண் பொறித்திருந்தால் மயங்க வேண்டாம். அவை உராய்வைக் குறைக்க வைக்கும் செயற்கை மாணிக்கங்கள், சாதாரணக் கடிகாரங்களிலும் இருப்பவை. கல் ஊரான கீழக்கரையில் இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும், விற்பவர்கள் அந்த எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவது இன்றும் நடக்கிறது.

மெருகேற்றும் யோசனையை உடனே கைவிடுங்கள். மெருகு போட்டால் தங்கத்தின் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், முத்திரை தேயும். லாபிஸ் தகடு விரிசல் கண்டால் அதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. பழைய ரசீது, சுங்கத் தீர்வை கட்டிய சீட்டு, வாப்பா அதைக் கட்டியிருக்கும் புகைப்படம் என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

வரிக்கு வருவோம். சொந்த உபயோகப் பொருள்களுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்றாலும், நகைகளுக்கு அந்த விலக்குக் கிடையாது. வேறொரு பொருளில் பதிக்கப்பட்ட இரத்தினக் கற்களையும் சட்டம் நகையாகவே கொள்கிறது. எனவே வரி உண்டு என்றே திட்டமிடுங்கள். வாப்பா வாங்கிய நாளிலிருந்து காலம் கணக்கிடப்படுவதால் இது நீண்டகால ஆதாயம், விகிதம் 12.5 சதவீதம். 2001-க்கு முன் வாங்கியது ஆகையால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். இதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் சான்று தேவை. உதாரணமாக, அன்றைய மதிப்பு 3 லட்சம், விற்பனை விலை 8 லட்சம் என்றால், ஆதாயம் 5 லட்சம். 4 சதவீத கூடுதல் வரியும் சேர்த்து மொத்தம் 65,000 ரூபாய் வரி வரும்.

மச்சானின் கையில் கட்டி அனுப்புவதும் சரியன்று. முறையான ஏற்றுமதி ஆவணமின்றிச் சென்ற பொருளுக்கான பணம் பிறகு உங்கள் கணக்கில் வரும்போது, அது எதற்கான பணம் என்று உங்களால் நிரூபிக்க இயலாது. அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. பங்காளிகள் நால்வர் உள்ள பொருளைக் காகிதமில்லாமல் கடல் கடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் கருத்து, விற்பதே நல்லது. ஆனால் இந்த மாதமே அன்று. உங்கள் கடனுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி போகிறது. கடிகாரமோ ஒரு ரூபாயும் ஈட்டுவதில்லை. உப்புக்காற்று அடிக்கும் ஊரில், பழைய இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பதும் சேதத்திற்கே வழி. விற்கும்வரை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். ஆனால் திருட்டு, தீ போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு நின்றுவிடும்; வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம்தான். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே தனிக் காப்பீடு எடுங்கள். வைரங்கள் நிறுவனம் பதித்தவை என்று உறுதியானால் மும்பையில் கடிகார ஏலம் நடத்துவோரிடம் மதிப்பீடு கேளுங்கள். இல்லையென்றால் உள்ளூர்க் கல் வியாபாரிகள் மூவரிடம் தனித்தனியே விலை கேட்டாலே போதும். உங்கள் பங்காக வரும் தொகை முழுவதும் முதலில் நகைக்கடனுக்குப் போகட்டும்.

சென்னை வியாபாரியிடம், பரிசோதனை முடிந்த பிறகே பேசுவதாகவும், பணம் வங்கி வழியாக மட்டுமே வர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம், கொடுத்தவருக்கு அன்று, பெற்றுக்கொண்ட உங்களுக்கே விதிக்கப்படும்.