4 செல் ரிமோட் பந்தயப் படகில் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) கொதிக்கிறது, மூக்கு குதிக்கிறது. பெரிய ஈஎஸ்சி வாங்கலாமா?

கேள்வியில் சொல்லியிருக்கும் அமைப்பு: 70 செ.மீ. நீள ‘வி’ அடிப் படகு, 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் 5000 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 120 ஆம்ப் ஈஎஸ்சி, 45 மி.மீ. ப்ரொப்பெல்லர். ஒரு நிமிடத்தில் ஈஎஸ்சியில் கை வைக்க முடியவில்லை. முழு த்ராட்டிலில் மூக்கு எம்பி எம்பி விழுகிறது.

வாங்க வேண்டாம். 180 ஆம்ப் போட்டால் இப்போது ஈஎஸ்சி படும் பாட்டை மோட்டாரும் பேட்டரியும் படும், அவ்வளவுதான்.

முதலில் ப்ரொப்பெல்லர். 2000 கேவி மோட்டார் 14.8 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று சுற்றும். இந்த அளவுப் படகுக்கு அது சரியான வேகம். ஆனால் அதே சுற்றில், ஒரே வடிவ ப்ரொப்பெல்லருக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறும். 40 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 45 போட்டால் விட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, சுமையோ 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. கண்ணுக்கு அரை செ.மீ., ஈஎஸ்சிக்கு எமன்.

ஆகவே 40-இல் தொடங்குங்கள். ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 ப்ரொப்பெல்லர் என்றால் பெயரிலேயே அளவு இருக்கிறது: 40 என்பது விட்டம், முன்னால் நிற்கும் 4 என்பது பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) விட்டத்தைப்போல் 1.4 மடங்கு என்பதற்கு. ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. காகிதக் கணக்கில் மணிக்கு 100 கி.மீ. வரும். சுமையில் சுற்று குறைவதும் தண்ணீரில் வழுக்குவதும் போக 65 முதல் 70 கி.மீ. கிடைத்தால் அமைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். இந்த ரகம் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டும் பொருள் அல்ல. முன்விளிம்பைக் கூராக்கி, காந்த பேலன்ஸரில் வைத்து, கனமான இதழை அதன் முன்பக்கத்தில் மட்டும் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். தண்ணீரைத் தள்ளும் பின்பக்கத்தைத் தொடவே கூடாது. உலோகம் பெரிலியம் காப்பர், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்தே தேய்த்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டர் பக்கமே போகாதீர்கள்.

ப்ரொப்பெல்லரை மாற்றியும் சுட்டால் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டை, அதாவது மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் முறுக்குக் கம்பித் தண்டைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் மோட்டார் காந்தத்தின் தட்டுத்தட்டு மட்டுமே தெரிய வேண்டும். எங்காவது இறுகினால் பித்தளைக் குழாயின் வளைவு மோட்டாரோடு நேர்கோட்டில் இல்லை. குழாயைத்தான் திருத்த வேண்டும், கிரீஸ் அதை மறைக்கும், தீர்க்காது. ட்ரைவ் டாக்குக்கும் (ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுற்றும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் பிடி) நடுவில் 4, 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது கம்பி முறுக்கேறி நீளம் குறையும். இடைவெளி இல்லையென்றால் டாக் ஸ்ட்ரட்டில் பிரேக் போலத் தேய்க்கும். கரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், தண்ணீரில்தான் ஆம்ப் எகிறும். மோட்டார் சுற்றும் திசையையும் பாருங்கள்: தவறான திசையில் சுற்றினால் கம்பி பிரியும். மூன்று மோட்டார் ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் திசை மாறிவிடும்.

ஈஎஸ்சி பக்கம் இரண்டே விஷயம். பேட்டரி ஒயரை நீட்டாதீர்கள், நீளம் கூடக் கூட ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள்தான் அடி வாங்கும். தூரம் போதவில்லையென்றால் மோட்டார் ஒயரை நீட்டலாம். குளிர் தண்ணீர் முதலில் ஈஎஸ்சிக்கும் அதன்பின் மோட்டாருக்கும் போக வேண்டும். வெளியேறும் துளையைக் கரையிலிருந்து தெரியும் பக்கம் வையுங்கள். ஓடும்போது அதில் தண்ணீர் பீய்ச்சவில்லையென்றால் உடனே த்ராட்டிலை விடுங்கள். சிலிக்கோன் குழாய் வளைவில் மடிந்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

இனி மூக்கு. பேட்டரி உள்ளே, மூடி மேலே இருக்க, இரு பக்க விளிம்பையும் விரலால் தாங்கித் தூக்குங்கள். பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில், அதாவது 21 செ.மீ.இல் படகு சமமாக நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் அந்தக் குதியல் வராமல் இருக்காது. பேட்டரியை 10 மி.மீ. 10 மி.மீ.ஆக முன்னால் தள்ளுங்கள். அடுத்து ஸ்ட்ரட். அடிக்கு இணையாக, பூஜ்ய கோணத்தில் தொடங்குங்கள். ப்ரொப்பெல்லர் முனை மேலே தூக்கியிருந்தால் உந்துவிசை பின்பகுதியைக் கீழே அமுக்கி மூக்கைத் தூக்கும். கீழே இறங்கியிருந்தால் மூக்கு நீரில் அழுந்தி வேகம் தின்னும். இதற்கும் அடங்காவிட்டால்தான் ட்ரிம் டேபை (பின்பலகையில் இருக்கும் சிறு தகடு) ஒரு நூல் இறக்கலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் சேர்த்துத் திருகினால் எது பலித்தது என்றே தெரியாது.

படகு வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் பயப்பட வேண்டாம். பின்னாலிருந்து பார்க்க ப்ரொப்பெல்லர் இடஞ்சுழியாகச் சுற்றுவதன் எதிர்வினை அது. பேட்டரியை இடப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, வலப்பக்க டேபைச் சற்றே இறக்கினால் நேராகும்.

தண்ணீரில் விடும் முன்: மூக்குப் பகுதி முழுக்க நுரைப்பஞ்சோ தெர்மோகோலோ அடைத்திருக்க வேண்டும், மூடியைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, ரிசீவர் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு பேட்டரி. ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று கரையிலேயே ஃபெயில்சேஃப் பாருங்கள். இந்தச் சோதனையில் ப்ரொப்பெல்லரை லேசாக மட்டும் சுழற்றுங்கள். உலர்ந்த ஸ்ட்ரட் புஷ் நொடிகளில் தீய்ந்துபோகும், விரலும் போகும். ஆகாயத்தாமரை மிதக்கும் குளத்தில் இறக்காதீர்கள், ஒரு தண்டு சுற்றினாலே சுமை எகிறும்.

முதல் ஓட்டம் 30 வினாடி. கரைக்கு இழுத்து ஈஎஸ்சி, மோட்டார், பேட்டரி மூன்றையும் வெப்பமானியால் பாருங்கள். 60 டிகிரிக்குள் இருந்தால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு. முழு ஓட்டம் முடிந்து சார்ஜ் போடும்போது உள்ளே திரும்பப் போன அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 நிமிட ஓட்டத்துக்கு 4000 எம்ஏஎச் போனால் சராசரி 80 ஆம்ப். 120 ஆம்ப் ஈஎஸ்சி அதைத் தாங்கும், 5000 எம்ஏஎச் பேட்டரிக்கும் அதுவே எல்லை. இதற்குக் கீழே வந்து, வெப்பமும் அடங்கியிருந்தால் மட்டும் 42 மி.மீ.க்குப் போகலாம். 45-ஐ இந்தப் படகுக்கு மறந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்ட்டை உருவி, துடைத்து, மெரைன் கிரீஸ் பூசி வையுங்கள். ஈரத்தோடு குழாய்க்குள் விட்டால் துருப்பிடித்து, முழு வேகத்தில் அறுந்துபோகும். ஒரு வாரத்துக்கு ஓட்டப்போவதில்லை என்றால் பேட்டரி செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இருக்கட்டும்.