வயிற்றுச் சளியின் தன்மை மாறியிருக்கிறது என்று பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்தால் அது புற்றுநோயா?

அந்த வரி மட்டும் என்றால், இல்லை. அதற்காக ரிப்போர்ட்டை அலமாரியில் போட்டு மறந்துவிடவும் கூடாது. நான் டாக்டர் இல்லை. பினாங்கில் ஒரு மருத்துவமனை லேபில் பல வருடம் திசு ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றியவன். எங்கள் அம்மா ரிப்போர்ட்டிலும் இதே வரி வந்தது.

வயிற்றுச் சுவரைப் போர்த்தியிருக்கும் கொழகொழப்புக்குக் காரணம் மியூசின் என்ற புரதம். நடுவில் ஒரு புரத இழை, அதைச் சுற்றி அணில் வால் ரோமம்போல சர்க்கரைச் சங்கிலிகள். எடையில் பாதிக்கு மேல் அந்தச் சர்க்கரைதான். மேற்பரப்புச் செல்கள் மியூசின் 5ஏசி என்ற வகையைச் சுரக்கும், ஆழத்துச் சுரப்பிகள் மியூசின் 6. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வருடக்கணக்கில் குடியிருந்து புண்ணாக்கினால், சில இடங்களில் வயிற்றுச் செல்கள் குடல் செல்களாக வேஷம் மாறிவிடும். குடலுக்கே உரிய மியூசின் 2 அங்கே சுரக்கும். உங்கள் ரிப்போர்ட் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

லேபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆல்சியன் நீலமும், சர்க்கரையைப் பிடிக்கும் பாஸ் (PAS) என்ற சாயமும் சேர்த்துப் போட்டால் வயிற்றுச் சளி பீட்ரூட் நிறத்தில் நிற்கும். குடல்வகைச் சளியில் சியாலிக் அமிலம் என்ற புளித்த சர்க்கரையும் சல்பேட்டும் ஏறியிருப்பதால் அது நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். பினாங்கு நியோன்யா கூவே பலகாரத்தில் சங்குப்பூ நீலம் திட்டுத் திட்டாக இருக்குமே, கிட்டத்தட்ட அப்படி. அம்மா பெயர் ஒட்டிய ஸ்லைடில் அந்தத் திட்டுகளைப் பார்த்தபோது, தினம் பார்க்கிற நிறம்தான், கை நடுங்கிவிட்டது.

புற்றுநோயில் குழப்பம் இன்னும் கூடும். சர்க்கரைச் சங்கிலி முழுதாக வளராமல் முதல் கண்ணியிலேயே நின்றுபோகும், அதன்மேல் சியாலிக் அமிலம் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். சியாலில் டிஎன் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இது புற்றுநோய் இல்லாத குடல்வகை மாற்றத்திலும் தென்படும். அதனால் சளியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, செல்லின் உருவத்தையும் பார்த்தாக வேண்டும்.

“ரத்தத்தில் சிஏ 19-9 பார்த்தால் போதாதா?” என்று பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டார். அதுவும் இந்த மாதிரி ஒரு சர்க்கரை அடையாளம்தான், சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும். ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு ஏறாது. சிலர் உடம்பு பிறவியிலேயே அதைச் செய்யாது. எண்டோஸ்கோப்பிக்கு அது ஈடாகாது.

மலேசியாவில் நம்மவர்களிடம் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிட அதிகம். வயிற்றுப் புற்றுநோய் அதிகம் வருவதோ சீனர்களுக்கு. ஆகவே கிருமி மட்டுமே எல்லாம் இல்லை. இருந்தாலும் கிருமி இருந்தால் ஒழித்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு மூச்சுப் பரிசோதனை செய்து இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். “வாயெல்லாம் இரும்பாக் கசக்குது” என்று திட்டிக்கொண்டேதான் முடித்தார். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது நீலத் திட்டு அப்படியே இருந்தது, பரவவில்லை.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: மாற்றம் எத்தனை இடத்தில் இருக்கிறது, முழுமையான வகையா, முழுமையற்ற வகையா? முழுமையானது என்றால் செல்கள் சிறுகுடல் செல்கள்போலவே மாறியிருக்கும், முழுமையற்றது என்றால் அப்படி முழுதாக மாறாமல் கலப்பாக நிற்கும். முழுமையற்றது என்றால் ஆபத்து கொஞ்சம் கூட. அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.